செஞ்சி காட்டட்டும்

சின்னம்மாவோடு கடைக்குப் போவதென்றால் நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பப் பார்ப்பேன். மின்குமிழ் வாங்கினால் எரித்துக் காட்டித் தருவது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். சின்னம்மாவுக்கு அது போதாது. ஒருமுறை எரிந்தது தற்செயல் என்பார். அணைத்துவிட்டு இன்னொருமுறை எரிக்கவேண்டும். குடை வாங்கினால் விரித்துப் பார்ப்பதோடு விடமாட்டார், கடைக்காரரிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். செருப்பு வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கி, பிரதான வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் உலாத்திவிட்டுத் திரும்பி வருவார். கடைக்காரர் வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், இந்த மனிசி திரும்பி வருமா வராதா என்று.

நான் அப்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, முக்கியமான ஆளோடு பேசுகிறவள் மாதிரி வெளியே நிற்பேன். மறுமுனையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

“ஆரோட பறையிறாய் இவ்வளவு நேரம்?”

“கம்பஸ் பிள்ளை ஒண்டு, சின்னம்மா.”

“குடு பாப்பம், நானும் ஒருக்காப் பறையிறன்.”

கையை நீட்டிவிடுவார். அப்படி ஒரு பிறவி.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள்தான் அவருடைய வீடும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், கல்யாணம் கட்டுகிறவர் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அக்கா தங்கைகளின் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நடுவில் வேலிகூட இருக்காது. சின்னம்மா வீட்டில் மட்டும் ஆண் துணை இல்லை. இருந்தது, போய்விட்டது.

அந்தக் கதையை அம்மாதான் எனக்குச் சொன்னார், அதுவும் குரலைத் தாழ்த்தி. கட்டிக்கொண்டு வந்த மனிதர் அரசாங்க உத்தியோகம் என்று சொல்லியிருக்கிறார். விடிந்ததும் சாப்பாட்டுப் பார்சலோடு போவாராம், பொழுதுபட வருவாராம். எங்கே போகிறார் என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. உத்தியோகமும் இல்லை, மண்ணும் இல்லை. போன இடத்தில் வேறொரு வீடும் பெண்சாதியும் பிள்ளைகளும் இருந்தார்கள். தெரியவந்த அன்று சின்னம்மா அந்த மனிதரின் சட்டைகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டு வளவு வாசலில், கடப்படியில் கொண்டுபோய் வைத்தாராம். “வாயால சொன்னதை நம்பின நான்” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் வேறொரு பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டது.

“சொல்லுறதை எல்லாரும் சொல்லுவாங்க. செஞ்சி காட்டட்டும்.”

மீன்காரர் இறால் விடியப் பிடித்தது என்றாலும் இதுதான். டொக்டர் இந்தக் குளிசை போட்டால் நோவு நிற்கும் என்றாலும் இதுதான். டொக்டருக்கு முன்னாலேயே ஒன்றை விழுங்கிவிட்டு, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நோவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பக்கத்தில் இருந்தேன். போன் காதில்.

எனக்குக் கல்யாண வயது வந்தபோது அதே வளவுக்குள் அம்மா எனக்கொரு வீடு கட்டிமுடித்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது என்று, முன் விறாந்தையில் ஒரு பெரிய டீவி, டிஷ் பெட்டி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்த ஹோம் தியேட்டர் எல்லாம் வாங்கி அடுக்கினார். அடுக்கியதோடு சரி. யாரும் தொடக்கூடாது. ரிமோட்டுகளை அவை வந்த பொலித்தீன் உறையைக் கழற்றாமல்தான் வைத்திருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டார். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. உப்பு ஈரம் அந்த உறைகளுக்குள் புகுந்து, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது. ஒருநாள் பார்த்தால் மூன்று ரிமோட்டிலும் பெட்டரி பச்சை பூத்துப் பொங்கி வழிந்துபோய்க் கிடக்கிறது.

டீவியையும் டிஷ் பெட்டியையும் எழும்பிப் போய்ப் பொத்தானை அமத்தி ஒருமாதிரிச் சமாளிக்கலாம். ஹோம் தியேட்டருக்கு அதுவும் இல்லை. சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது, ஆனால் டீவியின் சத்தத்தை அதற்குள் எடுக்கிற வழி ரிமோட்டில் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற நேரம். அம்மா தலையில் கைவைத்தார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் காத்தான்குடியில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சின்னம்மா சீலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

காத்தான்குடிக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அன்றைக்கு ஆட்டோவில் போனோம். ஏனென்றால் சின்னம்மா டீவியையும் ஏற்றினார். டிஷ் பெட்டியையும் ஏற்றினார். ஹோம் தியேட்டர் பெட்டியையும் அதன் ஸ்பீக்கர் ஒன்றையும் படுக்கை விரிப்பில் சுற்றி ஏற்றினார்.

“ஐயோ சின்னம்மா! ரிமோட் வாங்க டீவியக் கொண்டுபோற ஆக்கள் உலகத்தில இரிக்கா?”

“ரிமோட் வேலை செய்யுமெண்டு கடைக்காரர் சொல்லுவார். அவர்ர வாயை வச்சி நான் என்ன செய்ய? டீவிதான் சொல்லவேணும். ஏறு.”

டீவியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு பிரதான வீதியால் போனேன். பஸ்ஸுக்கு நின்ற என்னுடைய பழைய டீச்சர் ஒருவர் என்னைக் கண்டுவிட்டு, முகத்தை மெல்ல அடுத்த பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுச் சாமானை விற்கக் கொண்டுபோகிறோம் என்று நினைத்திருப்பார். அந்த மரியாதையை என்னால் இன்றுவரைக்கும் தாங்கமுடியவில்லை.

கடை முதலாளியும் பிழையாகத்தான் நினைத்தார். “அக்கா, பழுது பாக்கிற இடம் அங்கால இரிக்கி.”

“பழுதில்ல நானா. ரிமோட் வாங்க வந்த நாங்க.” எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவது.

அவர் விரிப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் போனை எடுத்தேன். டீவியைப் பிடித்திருந்ததால் காதில் வைக்க முடியவில்லை.

நல்ல மனிதர். பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒரே கம்பனி டீவிக்கு மட்டும் வேலை செய்வது ஒரு வகை. பழைய ரிமோட்டுக்கு முன்னால் மூக்கோடு மூக்கு வைத்தால் அதைப் பார்த்துப் படித்துக்கொள்வது இன்னொரு வகை.

“பழசு செத்துட்டு நானா.”

“செத்ததுக்கிட்ட இது என்னத்தப் படிக்கிற? அப்ப இத எடுங்க. எல்லாத்துக்கும் ஒண்டு.” கறுப்பாக, நீளமாக, உடம்பெல்லாம் பொத்தானாக ஒன்றை எடுத்து வைத்தார். “இந்த செட் பொத்தானை அமத்திப் புடிச்சா சிவப்பு லைட் நிண்டு எரியும். பொறகு சாமானுக்கு நேரா நீட்டி, பவரை அமத்தினபடி இரிக்கணும். ஒவ்வொரு கம்பனி நம்பரா இது போட்டுப் பாக்கும். சாமான் எப்ப ஓயுதோ, அந்த நொடி கைய எடுத்துடணும். அவ்வளவுதான்.”

செய்தும் காட்டினார். டீவி ஓய்ந்தது. “பாத்தீங்களா?” என்று சிரித்தார்.

“சத்தத்தைக் குறைங்க பாப்பம்.”

குறைத்தார். குறையவில்லை. செனலை மாற்றினார். மாறவில்லை.

“ஓயப்பண்ணத் தெரிஞ்சா காணுமா நானா? கரண்ட் போனாலும்தான் டீவி ஓயும்.”

சில நம்பருக்கு அப்படித்தான், பவர் மட்டும் ஒத்துவரும், மற்றதெல்லாம் வராது, திரும்ப முதலிலிருந்து தேடவேண்டும் என்று முதலாளி விளக்கினார். அவ்வளவுதான் அவர் செய்த பிழை. சின்னம்மா அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு, கடையின் கதிரையை டீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு நம்பராகத் தேடி, ஒவ்வொரு பொத்தானாக அமத்தி, சரி வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வாங்க வந்தவர்கள் சாமானை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லக் கேட்டது. முதலாளி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“அக்கா, நான் தொழுதுட்டு வாறன். கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க.”

சின்னம்மா தலையை நிமிர்த்தாமலே “ஓம், போய்ட்டு வாங்க” என்றார். அவர் திரும்பி வரும்வரை, வருகிறவர்களையெல்லாம் “முதலாளி தொழப் போயிட்டார், இரிங்க மனே” என்று உட்கார வைத்துக்கொண்டு தேடினார். நான் கூனிக் குறுகிப்போனேன். ஆனால் சொல்லத்தான் வேண்டும், டீவியும் டிஷ் பெட்டியும் ஹோம் தியேட்டரும் அந்த ஒரு ரிமோட்டுக்கு நாய்க்குட்டி மாதிரி அடங்கின. முதலாளி பக்கத்தில் நின்று தலையை ஆட்டிவிட்டு ஒரு புத்திமதி சொன்னார். “பெட்டரியக் கழட்டிக் கொஞ்ச நேரம் வச்சா, படிச்சதெல்லாம் மறந்துடும். கவனம்.”

சின்னம்மா அதையும் கேட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் மண்டூர். குருமண்வெளியில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, மாமன் முறையான ஒருவர். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது பாதி, வீடு பார்ப்பது பாதி. இனி அந்த வீட்டில்தானே அவர்களுடைய பிள்ளை காலத்தைக் கழிக்கவேண்டும். மாமன்காரர் குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். சின்னம்மா அவரை மெச்சிக்கொண்டு பின்னாலேயே திரிந்தார். தன்னைப்போல ஒரு மனிதரைக் கண்ட சந்தோஷம்.

பணியாரமும் தேத்தண்ணியும் வைத்த பிறகு அந்த அம்மா மகனைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கட்டாரில் வேலை. பெரிய கம்பனி. ஹோட்டல்களுக்கு டீவி, சவுண்ட் சிஸ்டம் எல்லாம் பூட்டுவது இவர்தான். “எஞ்சினியர்மாரே இவரிட்டத்தான் கேப்பாங்களாம்.” மாப்பிள்ளை குனிந்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்று அவருடைய காதைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது.

சின்னம்மா ரிமோட்டைக் கையில் எடுத்தார். எல்லாரும் பார்த்திருக்க, முதுகு மூடியைத் திறந்து, பெட்டரிகளை உள்ளங்கையில் கொட்டினார். கொட்டி வைத்துக்கொண்டு, மண்டூர்ப் பக்கம் மழை எப்படி, வயல் வட்டையில் இந்தமுறை விதைப்பு எப்படி என்று ஆறுதலாக விசாரித்தார். அந்த அம்மாவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ரிமோட் படித்ததையெல்லாம் மறந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு மட்டும் விளங்கியது. கொஞ்ச நேரத்தில் பெட்டரிகளைத் திரும்பப் போட்டு, மூடியை மூடி, மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

“தம்பி, இதுக்கு இப்ப ஒண்டும் தெரியாது. இந்த மூண்டுக்கும் ஒருக்காப் பொருத்தி விடுங்க பாப்பம். உங்களுக்கு இதென்ன, பழகின வேலைதானே.”

அவர் எழும்பி வந்தார். டீவிக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புதுச் சட்டை. பொத்தான்களை அமத்தினார், திருப்பிப் பார்த்தார், மறுபடி அமத்தினார். எந்தப் பொத்தானை முதலில் அமத்தவேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை என்பது கதவடியில் நின்ற எனக்கே தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அந்த அம்மா, “இது பழைய மொடல் போல, மகன்” என்றார். புத்தம் புது டீவி.

பாவம் அந்த மனிதன். வாங்கில் இருந்த எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு குற்றவாளி மாதிரி. போதும் சின்னம்மா என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை. கடைசியில் அவரே ரிமோட்டை மெல்ல நிலத்தில் வைத்தார். திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார்.

“எனக்கு இது தெரியாது. அம்மா சொன்னது பொய். நான் அங்க ஹோட்டலில ரூம் துடைக்கிற வேலை. டீவியையும் துடைப்பன். போட்டுப் பாக்க விடமாட்டாங்க.”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடித்த பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார்கள். போய்வருகிறோம் என்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மா கடப்படி வரை பின்னால் போய், என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய் சொன்னது அவர்கள். வெட்கம் ஏன் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது என்று விளங்கவில்லை.

சின்னம்மாமேல் பாய்ந்து விழத்தான் போனேன். அதற்குள் அவரே சொன்னார்.

“நல்ல பொடியன். கட்டலாம்.”

“என்ன?” என்றார் அம்மா. “துடைக்கிற வேலை எண்டு அவரே சொல்லிற்றுப் போறார்!”

“அதுதானகா. அவன் சொன்னான். அத்தினை பேருக்கு முன்னால ஆர் சொல்லுவான்?”

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அதைச் சின்னம்மாவின் வாயால் கேட்டபோது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனிதனைக் கொண்டுவந்து சந்தியில் நிறுத்திப் பார்த்துவிட்டு, பாஸ் என்று சொல்கிறார். பாஸ் என்பது அந்த மனிதருக்குத் தெரியுமா? அவர் தலையைக் குனிந்துகொண்டு பாதையில் நின்று வாவியைக் கடந்துகொண்டிருப்பார். நானே போன் எடுத்தேன். இந்தமுறை மறுமுனையில் ஆள் இருந்தது. பேசி, சமாதானப்படுத்தி, தாய்க்கும் சொல்லி, ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. இவர் கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. வாவிக்கு அப்பால் தகப்பனின் வட்டையைச் செய்துகொண்டு எங்கள் வீட்டில் குடியிருந்தார்.

இவர் நல்ல மனிதர். சிரிப்பார், பகிடி விடுவார், எனக்கு மீன் வெட்டித் தருவார். சின்னம்மா திரும்பப் பொருத்தி வைத்த ரிமோட்டை மட்டும் தொடமாட்டார். டீவி அலறிக்கொண்டிருக்கும், இவர் முன்னால் இருப்பார், ரிமோட் பக்கத்துக் கதிரையில் கிடக்கும். குசினிக்குள் நிற்கும் என்னைக் கூப்பிடுவார். “இஞ்ச புள்ள, இதை ஒருக்காக் குறைச்சு உடு.” நான் கையில் மாவோடு வந்து குறைப்பேன். நீங்களே குறைக்கலாமே என்று ஒருமுறை கேட்டதற்கு, “எனக்கு அதெல்லாம் தெரியாதே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கு நடந்தது எப்படியோ கசிந்துவிட்டது. ஒரு பூப்புனித நீராட்டு வீட்டில் ஆம்பிளைகள் கூடியிருந்த இடத்தில், மைக் செட்காரர் எதையோ தேடிக்கொண்டு நின்றார். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், “மண்டூர் மாப்பிள்ளையிட்டக் குடுங்க, அவர்தானே எஞ்சினியர்” என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். நான் சின்னம்மாவைப் பார்த்தேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், வெட்டியை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்தார். முகம் செத்துப்போய் இருந்தது. சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குச் சில நாளைக்குப் பிறகு, சின்னம்மா தனியாகக் காத்தான்குடிக்குப் போனார். போன சுருக்கில் திரும்பி வந்தார். அம்மாவே ஆச்சரியப்பட்டார், கடை பூட்டோ என்று. கடை பூட்டில்லை. கையில் ரிமோட் இருந்தது, பெட்டி உடைக்காமல்.

எங்கள் விறாந்தையில் அன்று அந்தப் பகிடி விட்ட சொந்தக்காரரும் இருந்தார். சின்னம்மா நேரே இவருக்கு முன்னால் வந்து நின்றார்.

“மருமகன், என்ட டீவி ரிமோட் செத்துட்டு. புதுசு வாங்கின நான். எனக்கு ஒருக்காப் பொருத்தித் தாங்க.”

இவருடைய கை தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுவிட்டது. “மாமி, எனக்கு…”

“மெல்லச் செய்யுங்க. அவசரமில்ல. வாங்க.”

கல்யாணம் கட்டி வந்து அத்தனை காலத்தில் இவர் சின்னம்மாவின் வீட்டுக்குள் போனது அன்றைக்குத்தான். நானும் பின்னால் போனேன். சின்னம்மா டீவியைக் காட்டிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இவரை இருத்திவிட்டு, மீன் கழுவவேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார். என்னையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கழுவ மீன் இல்லை. கிணற்றடியில் வெறும் சட்டியைக் கழுவினார், கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினார். உள்ளே டீவி ஓய்ந்தது. கொஞ்சம் சென்று இவர் வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரிப்பு.

“ஓயுது மாமி! பொருத்திற்றன். வந்து பாக்கிறீங்களா?”

“என்னத்துக்குப் பாக்க? நீங்க செஞ்சா சரிதானே.”

ரிமோட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நான் என் காதையே நம்பவில்லை. குடைக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற மனிசி.

அன்று பின்னேரம் டீவி அலறியது. இவர் என்னைக் கூப்பிடவில்லை. எட்டி ரிமோட்டை எடுத்தார், சத்தத்தைக் குறைத்தார், கதிரையில் சாய்ந்துகொண்டார். நான் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவுகிற சாட்டில் நன்றாக அழுதேன். அதற்குப் பிறகு இவருக்கு ஒரு பித்தே பிடித்தது. அயலில் யாருக்கு ரிமோட் வேண்டுமானாலும் இவர்தான் பொருத்திக் கொடுப்பார். பகிடி விட்ட சொந்தக்காரருடைய வீட்டிலும் இவர்தான்.

காலம் போனது. சின்னம்மாவுக்கு முழங்கால் நோ. ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். டீவி பார்த்துக்கொண்டிருந்தவர், கதிரையின் கையைப் பிடித்து, “ஆ… அம்மா” என்று முனகிக்கொண்டு எழும்பினார். சுவரைப் பிடித்து நடந்து போய், டீவியில் இருந்த பொத்தானை அமத்திச் சத்தத்தைக் குறைத்தார். திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார். ரிமோட் மடியில்தான் இருந்தது.

“சின்னம்மா, ரிமோட் இரிக்கே!”

“வேணா.”

நான் எடுத்து அமத்தினேன். பவரை அமத்தினால் டீவி ஓய்ந்தது, எரிந்தது. சத்தம் குறையவில்லை, கூடவில்லை. செனல் மாறவில்லை. பெட்டரியைப் பார்த்தேன். புதியது.

“எப்ப இருந்து இப்பிடி?”

டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்னம்மா!”

“அண்டைக்கே இப்பிடித்தான்.”

“அண்டைக்கேயா? இவ்வளவு காலமும் ஒழும்பி ஒழும்பியா போறீங்க? உங்களுக்குச் செய்யத் தெரியாதா? இவரிட்டச் சொன்னா இப்ப ஒரு நிமிசத்தில செஞ்சி தருவாரே!”

“வாயை வச்சிற்று இரி. சொன்னாயோ, உனக்கும் எனக்கும் பேச்சில்ல.” ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “நான் கையை வச்சா, திரும்பவும் சோதிச்ச நான் எண்டு அவனுக்கு விளங்கிரும். அவன் பொய் சொல்லாத ஆள் எண்டு எனக்குப் பொண்ணு பாக்க வந்த அண்டைக்கே தெரியும் மகள். அதை அவனிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. அத்தினை பேருக்கு முன்னால நிலத்தில இருத்தின நானே… நினைச்சா இப்பவும் வெக்கமாக் கிடக்கு. என்ட கால்தானே நோகுது. நோகட்டும்.”

கஞ்சிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, டீவி பார்க்கிறவள் மாதிரிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனிசியோடு ரோட்டில் நடக்க வெட்கப்பட்டவள் நான்.

சின்னம்மா போனபோது வளவு நிறையச் சனம். செருப்புக் கடைக்காரரும் வந்தார், ரிமோட் கடை முதலாளியும் வந்து முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்து வந்த நாட்களில் பின்னேரங்களில் சின்னம்மா வீட்டில் ஆட்கள் கூடி இருப்பார்கள். அப்படி ஒரு பின்னேரம் இவர் அந்த ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“இது நான் பொருத்திக் குடுத்தது” என்று வந்தவர்களிடம் சொன்னார். “இந்த ஊரில என்னைச் சோதிச்சுப் பாக்காம நம்பினது மாமி ஒராள்தான். முதல் சோதிச்சவவும் அவதான், முதல் நம்பினவவும் அவதான். இஞ்ச பாருங்க, இன்னும் வேலை செய்யும்.”

டீவிக்கு நேரே நீட்டினார்.

“செத்த வீட்டில டீவி போடுறதா?” என்று கத்திவிட்டேன். எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைக் கீழே வைத்தார். “அதுவும் சரிதான். நான் ஒரு மடையன்” என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை அந்த வீட்டில் டீவி இல்லை. அதற்கு முந்திய நாள், இவர் வட்டைக்குப் போன நேரம் பார்த்து, சின்னம்மா வீட்டுக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டேன். டீவியைச் சத்தமில்லாமல் போட்டேன். செட்டை அமத்தி, சிவப்பு வெளிச்சம் நின்றெரிய, சின்னம்மாவின் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகத் தேடினேன். நல்ல காரியம்தான் செய்கிறேன், ஆனாலும் களவெடுக்கிறவள் மாதிரி வாசலில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் ரிமோட்டை மடிக்குள் ஒளித்தேன்.

கிரியை முடிந்த அடுத்த நாள் இவர் அங்கே போய் டீவியைப் போட்டார். நானும் போனேன். சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். செனலை மாற்றினார்.

“பாத்தியா புள்ள? அண்டைக்குச் செஞ்சது. இண்டைவரைக்கும் ஒரு பிழை இல்ல.”

“ஓம்” என்றேன்.

“மாமி ஒரு நாளும் ஒரு குறை சொல்லல்ல.”

“ஓம். சொல்லல்ல.”